திருதராஷ்டிரனின் கேள்வி

சில மாதங்களுக்கு முன், மாலை ஆரதி முடிந்தபின் மடத்தில் ஓர் இளைஞர் என்னைச் சந்திக்கக் காத்திருந்தார். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் கணினித் துறையில் பணிபுரிபவர். விடுமுறையில் பெற்றோரைப் பார்க்க வந்தவர். சிறிது நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "சுவாமிஜி, ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார்.

கூடைப்பந்தாட்டம் ஒன்றில், நண்பர்களுடன் வேடிக்கையாகப் பத்து டாலர் பந்தயம் கட்டினாராம். கைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்று வென்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், உறக்கம் வராத இரவுகளில், எந்த நாட்டிலோ பெயர் தெரியாத இருவர் ஆடும் மேசைப் பந்தாட்டத்தின் மீது பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு வாரம் விலகியிருந்தபோது, "உங்களைக் காணவில்லையே" என்று பந்தய நிறுவனத்திலிருந்து அன்பான செய்தி வந்ததாம். கூடவே ஒரு சிறிய இலவசத் தொகையும். "என் தம்பிகூட என்னை அப்படி விசாரித்ததில்லை, சுவாமிஜி" என்றார். ஊரில் வீடு கட்டுவதற்கென்று சேர்த்த பணம் முழுவதும் போய்விட்டது.

பிறகு அவர் கேட்டதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். "நான் செய்தது சட்டப்படி குற்றமில்லை. அரசே உரிமம் கொடுக்கிறது. அரசே வரி வாங்குகிறது. அந்த வரியில் முதியோருக்கு உதவுகிறோம் என்கிறது. அப்படியிருக்க, இதை என் மனைவியிடம் சொல்ல ஏன் எனக்கு நா எழவில்லை?"

அன்று அவருக்குச் சுருக்கமாகவே பதில் சொன்னேன். ஆனால் அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. ஒன்று, சூதாடியவனைப் பற்றியது. அதற்கு நம் முன்னோர் நிறையவே பதில் சொல்லியிருக்கிறார்கள். திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மற்றொன்று, சூதாட இடம் கொடுத்து, அதில் பங்கும் பெறுகின்ற அரசைப் பற்றியது. இதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

ஒரு தீர்ப்பும் அதன் பின்விளைவும்

அமெரிக்காவில் 1992-இல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. விளையாட்டுப் போட்டிகளின் மீது பந்தயம் கட்டுவதை மாநிலங்கள் புதிதாக அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் அனுமதித்திருந்த நெவாடா, டெலவேர், மொன்டானா, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அச்சட்டத்திற்காகப் பெரிதும் பாடுபட்டவர் நியூ ஜெர்சியின் செனட்டர் பில் பிராட்லி. அவரே முன்னாள் கூடைப்பந்து வீரர். விளையாட்டு, சூதாட்டத்தின் காயாகிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

காலம் மாறியது. அதே நியூ ஜெர்சியில், அட்லாண்டிக் நகரத்துச் சூதாட்ட விடுதிகள் நலியத் தொடங்கின. அரசின் வருவாயும் குறைந்தது. 2011-இல் அம்மாநில மக்கள் விளையாட்டுப் பந்தயத்திற்கு ஆதரவாக வாக்களித்தனர். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தயம் நல்லதா, தீயதா என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. இன்ன சட்டத்தை இயற்றாதே என்று மாநிலச் சட்டமன்றங்களுக்கு மத்திய நாடாளுமன்றம் கட்டளையிட முடியாது என்பதே தீர்ப்பு. முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது என்று நீதிமன்றம் சொன்னதை, 'முடிவு எடுக்கப்பட்டுவிட்டது' என்று மாநிலங்கள் புரிந்துகொண்டன.

அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே டெலவேரும் நியூ ஜெர்சியும் தொடங்கிவிட்டன. இன்று ஐம்பது மாநிலங்களில் 35-க்கும் மேற்பட்டவை விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கின்றன. 2024-இல் மட்டும் அமெரிக்கர் சட்டப்படி கட்டிய பந்தயத் தொகை ஏறத்தாழ 15,000 கோடி டாலர். அதில் ஆடியவர்களிடம் திரும்பாமல் நிறுவனங்களிடம் தங்கியது 1,300 கோடி டாலருக்கும் மேல். யூட்டா, ஹவாய் போன்ற சில மாநிலங்களே அடியோடு மறுத்து நிற்கின்றன.

இத்தனை வேகம் எப்படி வந்தது? பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது. நியூ ஜெர்சியில் அனுமதி கிடைத்ததும், நியூயார்க்வாசிகள் பாலத்தைக் கடந்து வந்து, மாநில எல்லைக்குள் நின்று கைபேசியில் பந்தயம் கட்டிவிட்டுத் திரும்பினர். 'நம் மக்கள் எப்படியும் ஆடத்தான் போகிறார்கள். வரியை ஏன் பக்கத்து மாநிலம் வாங்க வேண்டும்?' என்ற வாதத்திற்கு எந்தச் சட்டமன்றத்தாலும் நீண்ட நாள் எதிர்நிற்க முடியவில்லை. 2022 ஜனவரியில் நியூயார்க்கும் கைபேசிப் பந்தயத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் பந்தய வருவாயில் 51 சதவீதம் அரசுக்கு வரி! அதாவது, ஆடுபவன் இழக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் பாதிக்குமேல் அரசின் கருவூலத்திற்குப் போகிறது. அதில் பெரும்பகுதி கல்விக்கு ஒதுக்கப்படுகிறது.

இப்படி ஒரு நல்ல காரியத்தின் பெயரைச் சேர்ப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. கொலராடோவில் 2019-இல் மக்களிடம் ஒப்புதல் கேட்டபோது, வரி நீர்வளத் திட்டங்களுக்குச் செல்லும் என்றார்கள். மக்கள் சிறு வித்தியாசத்தில் ஏற்றனர். கலிபோர்னியாவில் 2022-இல் வீடற்றோரின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், மக்கள் மறுத்துவிட்டனர். நீர், கல்வி, முதியோர், வீடற்றோர் என்ற பெயர்களைக் கேட்டபின் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு யாருக்கும் மனம் கூசும்.

ஆனால் கை ஒருமுறை நீண்டுவிட்டால் மடங்குவது கடினம். ஒஹையோ மாநிலம் 2023 ஜனவரியில் பந்தயத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலையில் வரியை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. இல்லினாய் மாநிலம் 2024-இல், 15 சதவீதமாக இருந்த வரியை நிறுவனத்தின் வருவாய்க்கேற்ப 20 முதல் 40 சதவீதம் வரை உயர்த்தியது. 2025-இல் ஒரு படி மேலே சென்று, கட்டப்படும் ஒவ்வொரு பந்தயத்திற்கும் தனியாக ஒரு கட்டணம் விதித்தது: ஒரு நிறுவனத்தின் முதல் இரண்டு கோடி பந்தயங்களுக்கு 25 சென்ட், அதற்குமேல் 50 சென்ட். பந்தயங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அரசின் பங்கும் பெருகும்படி ஓர் ஏற்பாடு!

இதன் மறுபக்கமும் வெளிவரத் தொடங்கியுள்ளது. இணையவழிப் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் மக்களின் கடன் நிலை மோசமடைந்திருப்பதையும், திவால் விண்ணப்பங்கள் கூடியிருப்பதையும் 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வுகள் சுட்டிக்காட்டின. 2024 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம், பந்தயக்காரர்களுக்குச் செய்தி கொடுத்த ஒரு வீரரை வாழ்நாள் முழுவதும் தடை செய்தது. பிராட்லியின் கவலை வீணானதல்ல.

பழைய நூல்கள் நடத்திய விவாதம்

'சூதாட்டத்தை அரசு முற்றிலும் தடுக்க வேண்டுமா, அல்லது தன் கண்காணிப்பில் நடத்த வேண்டுமா?' என்பது புதிய கேள்வி என்று சிலர் நினைக்கலாம். நம் தர்ம நூல்கள் இதை மிகத் தெளிவாக விவாதித்திருக்கின்றன.

மனு, காய்கள் போன்ற உயிரற்ற பொருள்களால் ஆடுவதை 'த்யூதம்' என்றும், உயிருள்ளவற்றைப் போட்டியிடச் செய்து அவற்றின் மீது பந்தயம் கட்டுவதை 'சமாஹ்வயம்' என்றும் பிரிக்கிறார். இன்றைய விளையாட்டுப் பந்தயம் இந்த இரண்டாவது வகையே. இரண்டையுமே அரசன் தன் நாட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்பது மனுவின் முடிவு.

கௌடில்யரின் வழி வேறு. அவர் சூதாட்டத்திற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கிறார். குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே ஆட வேண்டும், வேறிடத்தில் ஆடினால் பன்னிரண்டு பணம் அபராதம் என்கிறார். எதற்காக? மறைவாக வாழும் திருடர்களையும் வஞ்சகர்களையும் கண்டுபிடிப்பதற்காக. யாக்ஞவல்கியரும் திருடர்களை அறிவதற்காகவே சூதாட்டத்தை ஒரே மேற்பார்வையில் வைக்கச் சொல்கிறார். மற்போர், ஆட்டுக்கடாச் சண்டை முதலியவற்றின் பந்தயத்திற்கும் அதே விதி பொருந்தும் என்பது உரையாசிரியர் விளக்கம்.

ஆனால் கண்காணிப்பதோடு இவர்கள் நின்றுவிடவில்லை. வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து கௌடில்யரின் அதிகாரி எடுத்துக்கொள்கிறார். யாக்ஞவல்கியர் காலத்துச் சூதாட்டக் கழகத்தின் தலைவன் தன் பங்கைப் பெற்று, அரசனுக்குரியதை அரசனுக்குச் செலுத்துகிறான். திருடனைக் கண்டுபிடிக்கக் கட்டிய மண்டபம், மெல்ல மெல்ல வருவாய்த் துறையின் மண்டபமாகிறது. இந்த வழுக்கலை நியூ ஜெர்சி கண்டுபிடிக்கவில்லை. அது மிகப் பழையது.

மனு சொன்னது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சிலர் ஒதுக்கலாம். தடை செய்தால் சூதாட்டம் மறைவிடத்திற்குப் போகும். அங்கே ஏமாற்றும் அடிதடியும் மிகும் என்பது உண்மைதான். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் மனு ஒன்றை உணர்ந்திருக்கக்கூடும்: சூதாட்டத்தில் பங்கு பெறத் தொடங்கிய அரசனால், அது ஒழிய வேண்டும் என்று மனதார விரும்ப முடியாது.

மில்லின் தயக்கம்

மேலைநாட்டுச் சிந்தனையில் தனிமனித சுதந்திரத்திற்கு மிக வலுவாக வாதாடியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-இல் வெளிவந்த 'சுதந்திரம்' பற்றிய தமது நூலில் அவர் இதே சிக்கலை எடுத்துக்கொள்கிறார். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவன் தன் பணத்தை எப்படி வேண்டுமானாலும் இழக்கலாம். எனவே சூதாடுவதைச் சமுதாயம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவருடைய கொள்கையின்படி வரும் முடிவு. ஆனால் சூதாட்ட விடுதி நடத்துபவனுக்கும் அதே சுதந்திரம் உண்டா? இங்கே மில் தயங்குகிறார். ஒருவனது பலவீனத்தைத் தூண்டுவதையே பிழைப்பாகக் கொண்டவனின் நிலை வேறல்லவா? இரு பக்க வாதங்களையும் எடுத்துவைத்துவிட்டு, முழு உறுதியோடு தீர்ப்புச் சொல்ல இயலாமல் நிற்கிறார்.

சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞரே தயங்கிய இடம் இது. இன்று விடுதி நடத்துபவனோடு அரசே கூட்டுச் சேர்ந்திருக்கிறது. விடுதியும் இப்போது நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்பதன் மீதும் பந்தயம் கட்டலாம். நடந்துபோகும் தூரத்தில் இருந்தபோது, போகும் வழியில் மனம் மாறுவதற்குச் சில நிமிடங்களாவது கிடைத்தன. விவேகம் விழித்தெழும் அந்தச் சில நிமிடங்களைத்தான் புதிய தொழில்நுட்பம் அகற்றியிருக்கிறது.

மேலும், சூதாட்டத்தைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டும் ஓர் உண்மை உண்டு. ஆடுபவர்களில் பெரும்பாலோர் இழப்பது சிறிதளவே. மொத்த இழப்பின் பெரும்பகுதி, நிறுத்த முடியாமல் தவிக்கும் ஒரு சிறுபான்மையினரிடமிருந்து வருகிறது. ஆகவே அரசு பெறும் வரியிலும் பெரும்பகுதி அவர்களுடையதே. 'விருப்பமுள்ளவர் ஆடுகிறார், அரசு வரி பெறுகிறது' என்று சொல்வது எளிது. விருப்பத்தையே இழந்தவர்களிடமிருந்துதான் அதில் அதிகம் பெறப்படுகிறது.

மண்டபம் கட்டியவன்

மொழிபெயர்ப்புப் பணிக்காக மகாபாரதத்தின் சபா பர்வத்தைப் படித்தபோது ஒரு காட்சி என்னை நிறுத்தியது. சூதாட்டக் கதையில் நாம் பெரும்பாலும் இருவரையே பார்க்கிறோம்: ஆடி இழந்த யுதிஷ்டிரன், வஞ்சித்து வென்ற சகுனி. மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான். அவன் காயைத் தொடவில்லை; பந்தயம் கட்டவில்லை. ஆனால் ஆயிரம் தூண்கள் கொண்ட அந்த மண்டபத்தைக் கட்டச் சொன்னவன் அவன். விதுரரின் எச்சரிக்கையை மீறி, அவரையே அனுப்பிப் பாண்டவர்களை அழைத்து வரச் செய்தவன் அவன். திருதராஷ்டிரன்.

யுதிஷ்டிரன் திரௌபதியைப் பணயமாக வைக்கும் நேரத்தில் சபையிலுள்ள பெரியவர்கள் வியர்த்துப்போகிறார்கள். விதுரர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். அப்போது திருதராஷ்டிரன் தன் மகிழ்ச்சியை மறைக்க முடியாமல், வெற்றி கிடைத்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பிற்பாடு அவன் வருந்தியதும், திரௌபதிக்கு வரம் கொடுத்ததும் உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் அவன் உள்ளம் வெளிப்பட்டுவிட்டது. அரசன் என்ற முறையில் அந்தப் பெண்ணைக் காக்க வேண்டியவன், அவளை இழப்பவனின் இழப்பில் தன் லாபத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தான்.

மாதந்தோறும் பந்தய வருவாய் அறிக்கை வரும்போது, 'சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா?' என்று ஆவலோடு பார்க்கும் அரசு கேட்பதும் இதே கேள்விதான். அந்தத் தொகை கூடியிருக்கிறது என்றால், குடிமக்கள் கூடுதலாக இழந்திருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்காவில் பந்தய விளம்பரங்களின் அடியில், அடிமையானவர்கள் உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அச்சிடப்படுகிறது. 'வா' என்ற அழைப்பும், 'விழுந்தால் இங்கே சொல்' என்ற அறிவிப்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இது கருணையா, அல்லது கருணையின் பெயரால் செய்யப்படும் கணக்கா?

ஆகவே ஒரு சோதனையை முன்வைக்கலாம். ஒரு தீமையை அரசு பொறுத்துக்கொள்வது வேறு. அதிலிருந்து பயன் பெறுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: நாளைக்கே மண்டபம் காலியாகிவிட்டால் அரசன் மகிழ்வானா, கவலைப்படுவானா? மகிழ்வான் என்றால், அவன் பொறுத்துக்கொண்டிருக்கிறான். கவலைப்படுவான் என்றால், அவனும் ஆட்டத்தில் ஒரு பங்காளி.

நம் நாட்டில்

இது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. நம் அரசியல் சட்டத்திலும் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் முன்பு மாநிலங்களிடமே இருந்தது. தமிழகத்தில் 1968-இல் அரசு பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கியபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் ஊரெங்கும் பரவியது. நல்ல நோக்கத்துடன் சொல்லப்பட்டதுதான். ஆயினும், கூலியாள் தன் அன்றைய சம்பளத்தைச் சீட்டில் போட்டு இழப்பதை நாட்டுத் தொண்டு என்று அவ்வாசகம் அவனை நம்ப வைத்தது. இடையில் நின்றும் தொடர்ந்தும் நடந்த சீட்டு விற்பனை 2003-இல் தடை செய்யப்படுவதற்குள் எத்தனை குடும்பங்கள் அடுப்பெரியாமல் தவித்தன என்பதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1957-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சூதாட்டத்தை அரசியல் சட்டம் பாதுகாக்கும் வணிகமாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் ரிக் வேதத்தில் வரும் சூதாடியின் புலம்பலும் மகாபாரதமும் எடுத்துக்காட்டப்பட்டன. ஆனால் 2016-இல் நீதிபதி லோதா குழுவும், 2018-இல் சட்ட ஆணையமும் கிரிக்கெட் முதலிய விளையாட்டுகளில் பந்தயத்தை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தி அனுமதிப்பது பற்றிப் பேசின. மறைவில் நடப்பதை வெளிச்சத்திற்குக் கொண்டுவரலாம் என்ற அவர்களுடைய காரணம் ஒதுக்கத்தக்கதல்ல. இடையில் இணையவழிப் பண ஆட்டங்கள் பெருகின. 2023 அக்டோபரிலிருந்து அவற்றில் கட்டப்படும் தொகைக்கு 28 சதவீத வரியும் விதிக்கப்பட்டது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அவற்றால் மக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அரசுத் தரப்பின் மதிப்பீடு.

தனக்கு வந்துகொண்டிருந்த ஒரு வருவாயை மக்கள் நலனுக்காக விட்டுவிட ஓர் அரசால் முடியும் என்பதற்கு இது சான்று. அதே சமயம், குதிரைப் பந்தயமும் சில மாநிலங்களின் பரிசுச் சீட்டும் தொடர்கின்றன. வெளிநாட்டுப் பந்தயச் செயலிகள் மறைவழியில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சோதனையில் நாம் முழுமையாகத் தேறிவிடவில்லை.

உள்ளே இருக்கும் மண்டபம்

மீண்டும் அந்த இளைஞரிடம் வருவோம். "அரசு இடம் கொடுத்ததால்தானே நான் ஆடினேன்?" என்று அவர் கேட்டிருந்தால் அதில் உண்மை உண்டு. ஆனால் திருதராஷ்டிரன் மண்டபம் கட்டியதால் யுதிஷ்டிரனின் குற்றம் குறைவதில்லை. யுதிஷ்டிரன் இணங்கி ஆடியதால் திருதராஷ்டிரனின் குற்றமும் குறைவதில்லை. ஒருவர் செய்த கர்மம் மற்றவரின் கணக்கில் கழிவதில்லை. சட்டம் என்பது தண்டனைக்கு எல்லை வகுப்பது. இனிப்பது எது, நன்மை தருவது எது என்று கட உபநிடதம் பிரித்துக் காட்டும் இடத்தில் நமக்காகத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டமன்றத்திற்கும் இல்லை.

பகவத்கீதையில் பகவான் தம் விபூதிகளைச் சொல்லும்போது, வஞ்சகத்தில் சூதாட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறாரே என்று சிலர் கேட்பதுண்டு. வஞ்சகத்திற்குள்ளும் செயல்படும் ஆற்றல் அவனுடையதே என்பது அதன் கருத்து. அதில் போய் விழு என்பதல்ல. அதே கீதை, முதலில் அமுதம்போல் இனித்து முடிவில் நஞ்சாகும் இன்பத்தை ராஜஸம் என்று அடையாளம் காட்டி எச்சரிக்கிறது. உயர்ந்த இடத்தில் இருப்பவன் எதைச் செய்கிறானோ அதையே உலகம் பின்பற்றும் என்றும் கூறுகிறது. அரசு எதில் கை நனைக்கிறதோ, அதில் குற்றமில்லை என்று எளிய மனிதன் எண்ணிக்கொள்வது இயல்பு. அரசின் பொறுப்பு பெரிது என்பதற்கு இதுவே காரணம்.

"உங்கள் மனைவியிடம் சொல்ல நா எழவில்லை என்றீர்களே, அந்தத் தயக்கம்தான் உங்களுக்குள் இன்னும் விலைபோகாமல் இருப்பது" என்று அவரிடம் சொன்னேன். "அது சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுவதில்லை. முதலில் அவரிடம் சொல்லுங்கள். அங்கே ஆட்டத்திலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள விரும்புவோருக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தினமும் இரவு உறக்கம் வராத அந்த நேரத்தில் ஜபம் செய்யுங்கள். கைபேசி வேறோர் அறையில் இருக்கட்டும்."

அவர் போய்ச் சேர்ந்தபின் ஒரு கடிதம் எழுதினார். மனைவியிடம் சொல்லிவிட்டாராம். "மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, 'உட்காருங்கள், மொத்தம் எவ்வளவு என்று எழுதுவோம்' என்றாள்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வீட்டில் மண்டபம் காலியாகத் தொடங்கிவிட்டது. நாளை எந்த அரசாவது, பள்ளிக்கூடத்தின் பெயராலோ மருத்துவமனையின் பெயராலோ இன்னொரு மண்டபம் கட்ட நம்மிடம் ஒப்புதல் கேட்டு வரலாம். 'இது காலியானால் நீங்கள் மகிழ்வீர்களா?' என்று நாமும் கேட்க வேண்டும். பதிலைப் பொறுத்தே நம் ஒப்புதல் அமையட்டும்.